ஓடுகிற திசு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

எலும்பு, குருத்தெலும்பு இருக்கும் பட்டியலில் இரத்தத்தையும் சேர்த்து இணைப்புத் திசு என்கிறது பாடப்புத்தகம். ஓடுகிற ஒன்று எப்படித் திசுவாகும்? (மாணவி, சாட்ஸ்வொர்த்)

தோலின் மேற்பரப்பில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருக்கும். இணைப்புத் திசுவில் அவை தள்ளித் தள்ளிக் கிடக்கும். நடுவிலுள்ள தளப்பொருள்தான் திசுவின் குணத்தைத் தீர்மானிக்கும். எலும்பில் அது சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகியது. இரத்தத்தில் அது பிளாஸ்மா என்ற திரவம், இரத்தத்தின் அளவில் ஏறத்தாழ 55 சதவீதம். இரண்டும் கருவின் நடுப்படையிலிருந்து வந்தவை. இணைப்புத் திசுவென்றால் நார் இருக்க வேண்டுமே, அது எங்கே என்று ஆசிரியர் மடக்கினால் காயத்தைக் காட்டம்மா: பிளாஸ்மாவில் கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் அங்கேதான் ஃபைப்ரின் நாராகப் பின்னிக்கொள்கிறது. "உறுப்புகளை இணைப்பதால்" என்று மட்டும் எழுதினால் நானாக இருந்தால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் முதல் தடவை ஓடப்போகிறேன். தாகம் இல்லாவிட்டாலும் வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடிக்கச் சொல்கிறார் அண்ணன். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் உண்டு. அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. 11 லிட்டர் செல்களைச் சூழ்ந்த திசுத் திரவம். பிளாஸ்மாவின் பங்கு வெறும் 3 லிட்டர். ஆனால் குடிக்கிற தண்ணீர் முதலில் வந்து சேர்வது அந்தச் சின்னப் பங்கில்தான். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரை அடக்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதால் மிகுதித் தண்ணீர் வெளியேற வழியில்லை. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் செல்களுக்குள் புகத் தொடங்கும். விரல் வீங்கினால் மோதிரம் இறுகுவதோடு போகும். மூளை வீங்க மண்டையோட்டுக்குள் இடமேது? தலைவலி, குமட்டல், குழப்பம், பிறகு வலிப்பு.

இந்தக் கோளாறு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததே 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒரு பெண்ணால்தான். கேப் டவுன் மருத்துவர் டிம் நோக்ஸ் அதைப் பதிவு செய்தார். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் கையில் திணிக்கப்படும் தண்ணீர்ப் பொட்டலத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டாலும் குற்றமில்லை.

ஆயாவின் இரு கால்களும் வீங்கியிருக்கின்றன. அழுத்தினால் குழி விழுகிறது. கெட்ட இரத்தமா? (வெருலம்)

கெட்ட இரத்தம் என்று ஒன்று கிடையாது. நுண்குழாய்களிலிருந்து தினமும் ஏறக்குறைய 20 லிட்டர் திரவம் திசுக்களுக்குள் கசிகிறது. பெரும்பகுதி அந்தக் குழாய்களுக்கே திரும்பிவிடும். மீதி நிணநீராக இரத்தத்தில் வந்து சேரும். திரவத்தை இரத்தக் குழாய்க்குள் இழுத்துப் பிடிப்பது ஆல்புமின் என்ற புரதம். கல்லீரல் அதைத் தயாரிக்கத் தவறினாலோ, சிறுநீரகம் அதை ஒழுகவிட்டாலோ, இதயம் தளர்ந்து சிரைகளில் அழுத்தம் கூடினாலோ கசிந்தது திசுவிலேயே தங்கிவிடும். கட்டைவிரல் பதித்த குழி அந்தத் தண்ணீர் விலகிய இடம். ஆயாவுக்கு நீரிழிவு இருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இரத்த தானம் செய்தால் எப்போது ஈடாகும்? (டர்பன்)

பிளாஸ்மாவின் அளவு ஓரிரு நாளில். சிவப்பணுக்கள் சில வாரங்களில். அதனால்தான் அடுத்த தானத்துக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் 56 நாள் இடைவெளி.

தீமிதியில் வந்த கொப்புளத்தில் இரத்தம் இல்லாமல் தெளிந்த நீர் ஏன்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சூட்டில் நுண்குழாய்களின் சுவர் கசிகிறது; பிளாஸ்மா வெளியேறுகிறது, சிவப்பணுக்கள் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. குத்தி உடைக்காதீர்கள்.