குழந்தைகளுக்குச் செய்தி எழுதவும் செய்தியில் உள்ள சார்பைக் கண்டுபிடிக்கவும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி இதுதான்: தருமபுரி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சுவர்ப் பத்திரிகை தொடங்கப் போகிறார்கள். செய்தி எழுதவும், பத்திரிகைகள் ஒருபக்கமாகச் சாய்வதைக் கண்டுபிடிக்கவும் பழக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எழுத வையுங்கள். சார்பு என்ற பேச்சே முதல் சில வகுப்புகளுக்கு வேண்டாம். சார்பு என்றால் பொய் எழுதுவது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். ஒரு பொய்கூட இல்லாமல், முழுக்க ஒருபக்கமான செய்தியை எழுதிவிடலாம். யாரிடம் கேட்டோம், எதை முதலில் வைத்தோம், என்ன வினைச்சொல் போட்டோம், எதை விட்டோம் என்பதில்தான் அது நடக்கிறது. அந்த முடிவுகளைத் தானே எடுத்துப் பார்த்த பிள்ளைக்கு மற்றவர் எடுத்த முடிவுகள் கண்ணில் படும். எழுதாமல் சார்பை மட்டும் பாடமாக நடத்தினால் இலக்கணக் குறிப்பு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

40 நிமிட வகுப்புகள் எட்டு இருந்தால் போதும். நான்கு எழுத, நான்கு படிக்க. ஒரே தேதியிட்ட இரண்டு வேறு நாளிதழ்கள் வேண்டும், அதுவும் மாவட்டச் செய்திப் பக்கத்தோடு. மூன்று நிறப் பென்சில், கத்தரிக்கோல், குழுவுக்கு ஒரு நோட்டு. குழுவுக்கு மூன்று பேர்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் எண்ண. எண்ணுகிற ஆளை விட்டுவிடாதீர்கள். "ஏராளமானோர்", "பல நாட்களாக" போன்ற சொற்களை ஒழிக்க வேறு வழியில்லை.

முதல் செய்திக்குப் பள்ளிக்குள் நடப்பதையே எடுங்கள். குடிநீர்க் குழாய், சத்துணவு, காலையில் பஸ் நிற்காமல் போவது எதுவும் ஆகும். ஊர்த் தகராறு, கோயில் வரவு செலவு பக்கம் முதல் மாதம் போக வேண்டாம். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் நோட்டில் ஆறு வரியாக எழுதிக்கொண்டு போகட்டும். முதல் நான்குக்குப் பிள்ளைகள் தாமே பார்த்துப் பதில் எழுதலாம். "ஏன்" என்பதற்கு மட்டும் எழுதக் கூடாது, ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். பேசியவரின் பெயர், இனிஷியல், என்ன வேலை என்பதைக் கேட்டு எழுதி, அவர் சொன்ன வாக்கியத்தை அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். பாதித் தப்பு அங்கேயே சரியாகிவிடும்.

எழுத உட்கார்ந்ததும் முதல் சிக்கல் வரும்: கட்டுரைப் பழக்கம். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று வருடக்கணக்கில் பழகிய கை. செய்தி ஒரு குறளோடு தொடங்கும். பிறகு, "கடந்த திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்து நாங்கள் வகுப்புக்குச் சென்றோம்" என்று நடந்த வரிசையில் நகரும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது எட்டாவது வரியில் வரும். கடைசியில் "எனவே நாம் தண்ணீரைச் சேமிப்போம்" என்று முடியும். இதைத் திட்டித் திருத்த முடியாது. கத்தரிக்கோலை எடுங்கள். கடைசிப் பத்தியை வெட்டுங்கள், பிறகு அதற்கு முந்தைய பத்தியை. மிச்சமிருப்பதைப் படித்தால் என்ன நடந்தது என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் முக்கியமானது கீழே கிடக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் இடம் பற்றாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். அதனால்தான் செய்தியைத் தலைகீழ் பிரமிடாக, அதாவது முக்கியமானது மேலே, மற்றவை கீழே என்று, கட்டுகிறார்கள் என்பது அப்போது தானாகப் புரியும்.

திருத்திய முதல் பத்தி இப்படி இருக்கலாம்: "பள்ளியில் உள்ள 6 குடிநீர்க் குழாய்களில் 4-ல் திங்கட்கிழமை முதல் தண்ணீர் வரவில்லை. மதிய உணவு நேரத்தில் 140 மாணவர்கள் மீதமுள்ள 2 குழாய்களில் வரிசையில் நிற்கிறார்கள்." ஏறக்குறைய இருபது சொல். இதில் கருத்தே இல்லை, ஆனால் படிப்பவருக்குப் பிரச்சினையின் அளவு தெரிகிறது. அடுத்த பத்தியில் காரணம் வர வேண்டும். இங்கே பிள்ளைகள் தயங்காமல் "ஊராட்சி கண்டுகொள்ளாததால்" என்று எழுதுவார்கள். யார் சொன்னது என்று கேளுங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் போய்க் கேட்டால் வால்வு பழுது என்பார், அல்லது மோட்டார் கழற்றிப் போயிருக்கிறது என்பார். அவர் சொன்னதும், தலைமையாசிரியர் எந்தத் தேதியில் புகார் கொடுத்தார் என்பதும் அடுத்தடுத்து வந்தால் செய்தி முடிந்தது. தலைப்பைக் கடைசியில், ஐந்தாறு சொல்லில் எழுத வையுங்கள். முதலிலேயே தலைப்பு வைத்தால் செய்தி அதற்கு ஏற்ப வளைந்துகொள்ளும்.

இரண்டாவது சிக்கல் நீள வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதால் "இந்நிலையில்", "என்பதால்", "என்று கூறியதையடுத்து" எனக் கோத்துக்கொண்டே போகலாம். பெரிய பத்திரிகைகளிலும் ஒரே வாக்கியத்தில் முழுப் பத்தி ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு "என்று", பதினைந்து சொல்லுக்கு மேல் கூடாது என்று விதி வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது வகுப்பில் சார்புக்கு வரலாம். நம் பக்கத்துக்குத் தக்காளியைவிட நல்ல பாடம் கிடையாது. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளைப் பிள்ளைகளுக்குத் தெரியும். பலர் வீட்டிலேயே தக்காளி போட்டிருப்பார்கள். கரும்பலகையில் சில தகவல்களை எழுதுங்கள். எண்கள் பயிற்சிக்காக நீங்களே வைத்துக்கொள்பவைதான். 25 கிலோ கிரேடு (காய் அடுக்கும் பெட்டி) சென்ற வாரம் 300 ரூபாய், இந்த வாரம் 900. சென்னையில் சில்லறை விலை கிலோ 25-லிருந்து 60 ஆகியிருக்கிறது. தொடர் மழையில் செடிகள் அழுகி, வரத்து பாதியாகக் குறைந்திருக்கிறது. போன மாதம் பறிகூலிகூடக் கட்டாமல் சிலர் காயைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டார்கள். ஒரு ஹோட்டல்காரர் சட்னி வகையைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார். அழுகாமல் தப்பிய தோட்டக்காரர் பழைய கடனில் ஒரு பகுதியை அடைத்ததாகச் சொல்கிறார்.

ஒரு குழு சென்னை வாசகருக்கு எழுதட்டும், மற்றொன்று பாலக்கோட்டு வாசகருக்கு. பலகையில் இருப்பதைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. தகவலை விடலாம், வரிசையை மாற்றலாம். முதல் குழுவிலிருந்து "தக்காளி விலை கிடுகிடு உயர்வு: இல்லத்தரசிகள் அதிர்ச்சி" வரும். இரண்டாவதிலிருந்து "தக்காளிக்கு நல்ல விலை: விவசாயிகள் மகிழ்ச்சி" வரும். இரண்டையும் பக்கத்தில் ஒட்டி, எந்தத் தாளில் எந்தத் தகவல் காணாமல் போயிருக்கிறது என்று பலகையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். போன மாதம் காயைத் தோட்டத்திலேயே விட்டது சென்னைத் தாளில் பெரும்பாலும் இருக்காது. செடி அழுகியவர் பாலக்கோட்டுத் தாளிலும் காணாமல் போயிருப்பார். விலை கூடியும் அவருக்கு விற்கக் காய் இல்லை. பிறகு கணக்குப் போட வையுங்கள். 900 ரூபாய் கிரேடு என்றால் மண்டியில் கிலோ 36, கடையில் 60. நடுவில் உள்ள 24 ரூபாய் எங்கே போகிறது என்று இரண்டு தாளிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பினால் அடுத்த செய்திக்கு ஆள் தயார்.

அடுத்த வகுப்பு சொற்களுக்கு. உண்மையான நாளிதழில் ஒரு செய்தியைக் கொடுத்து, "சொன்னார்" என்ற பொருளில் வரும் வினைகளை எல்லாம் சிவப்பில் கோடிடச் சொல்லுங்கள். தெரிவித்தார், விளக்கினார், குற்றம்சாட்டினார், சாடினார், மழுப்பினார், ஒப்புக்கொண்டார். எல்லாம் வாய் திறந்து பேசியதுதான்; ஆனால் "ஒப்புக்கொண்டார்" என்றதுமே அவர்மேல் தப்பு இருப்பதாகிவிடுகிறது. கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் பதிலாக "கூறினார்" போட்டுப் படித்துப் பார்க்கட்டும். எங்கே பொருள் மாறுகிறதோ அங்கே நிருபர் தன் கருத்தை வைத்திருக்கிறார்.

நீலத்தில் "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது". சொன்ன ஆள் மறைந்துபோகும் இடங்கள் இவை. சில நேரம் ஆளைக் காப்பாற்ற இது தேவைப்படும், சில நேரம் கேட்காமலே எழுதியதை மூடி மறைக்கும். பச்சையில் சின்ன ஒட்டுகள்: "200 பேர் வந்தனர்", "200 பேர் மட்டுமே வந்தனர்", "200 பேர் திரண்டனர்". எண் ஒன்றுதான். "வந்தாரே தவிர", "இன்றுகூட" போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மரியாதை விகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிகாரி "தெரிவித்தார்", பிடிபட்டவர் "சிக்கினான்" என்று வரும் இடங்கள் உண்டு. வழக்கு கோர்ட்டுக்கே போகாத நாளில் "ஆர்" "ஆன்" ஆகிவிட்டால், தீர்ப்பு அந்த விகுதியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் முயற்சியிலேயே பிடித்துவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளியென்றால் யானைச் செய்தியை விடாதீர்கள். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் ராகி விளையும் காலத்தில் யானைகள் வருகின்றன. தலைப்பு பெரும்பாலும் "காட்டு யானைகள் அட்டகாசம்" என்று இருக்கும். அட்டகாசம் செய்ய ஒரு நோக்கம் வேண்டும். யானை ராகி தின்ன வந்தது. "ராகி வயலில் புகுந்த யானைகள்: 2 ஏக்கர் சேதம்" என்று மாற்றினால் செய்தி குறையவில்லை, கூடியிருக்கிறது. இங்கே பிள்ளைகள் உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்து "பாவம் யானை, காட்டை அழித்தது மனிதன்தான்" என்று எழுதுவார்கள். அதுவும் சார்புதான் என்று நிறுத்துங்கள். ராத்திரி பரணில் காவல் இருந்தும் பயிரை இழந்தவர் அந்தத் தலைப்பில் காணாமல் போகிறார். வரிகளை எண்ணச் சொல்லுங்கள்: விவசாயிக்கு எத்தனை வரி, வனத்துறைக்கு எத்தனை, சேதத்தின் அளவு இருக்கிறதா, இழப்பீடு எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பது இருக்கிறதா. கடைசி இரண்டும்தான் அடிக்கடி விடுபடும்.

ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்தி வீட்டுப்பாடத்துக்கு நல்லது. மழைக்காலத்தில் அடிக்கடி வரும், எண்ணோடு வரும். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர் என்று சொல்லிக்கொடுத்து, எண்ணுக்கும் தலைப்புச் சொல்லுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்க்கட்டும். பரிசல் இயக்கத் தடை என்று வந்தால், பரிசல் ஓட்டுபவரிடம் யாராவது பேசியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் இரண்டு தப்பான முடிவுகள் வகுப்பில் பரவும். ஒன்று, "எல்லாப் பத்திரிகையும் பொய்தான்" என்பது. இது சார்பைவிட ஆபத்து. அப்புறம் வாட்ஸ்அப்பில் வருவதும் நாளிதழும் ஒன்றாகிவிடும். பிழை, கருத்து, சார்பு, பொய் என்று நான்கு கட்டம் போட்டு, பிடித்த ஒவ்வொன்றையும் எதில் சேர்ப்பது என்று வாதாட விடுங்கள். தலையங்கம் கருத்து, அது அப்படித்தான் இருக்க வேண்டும். முரசொலி தி.மு.க.வின் ஏடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏடு. அவை அதை மறைப்பதில்லை. மறைத்து வருவதைத்தான் தேட வேண்டும். செய்தி மாதிரியே அச்சாகி, மூலையில் சின்ன எழுத்தில் "விளம்பரம்" என்று இருக்கும் கடைத் திறப்பு விழாக்களையும் கல்லூரிப் பாராட்டுகளையும் கத்தரித்து ஒட்டச் சொல்லுங்கள்.

மற்றொன்று, இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி இடம் கொடுத்தால் நடுநிலை என்பது. இதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். பல்லில் கறை படிவதும் எலும்பு பாதிப்பதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஒரு போர்வெல் தண்ணீர் பரிசோதனையில் அதைத் தாண்டியிருந்தால், "நாங்கள் காலங்காலமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பவருக்குப் பரிசோதனை முடிவுக்கு நிகரான இடம் தர முடியாது. அவர் சொன்னதைப் போடலாம், அளவு தெரிந்த பிறகு. கருத்துக்கு எதிர்க்கருத்து கேட்கலாம். அளந்த எண்ணைச் சந்தேகித்தால் இன்னொரு முறை அளக்கத்தான் வேண்டும்.

சுவரில் ஒட்டுவதற்கு முன் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையையோ, வழக்கில் சிக்கிய குழந்தையையோ அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி, ஊர் எதுவும் வரக் கூடாது. போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் இதைத் தடுக்கின்றன, பள்ளிச் சுவர் என்றாலும் அதே கவனம் வேண்டும். வகுப்புக்குக் கொண்டுவரும் நாளிதழை முந்தின நாளே நீங்கள் முழுதாகப் படித்து, குற்றச் செய்திப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். செய்தியில் பெயர் வந்தவரிடம் பேசினோமா என்ற கேள்விக்கு "இல்லை" என்றால் அந்தச் செய்தி அடுத்த இதழுக்குப் போகட்டும். கீழ் மூலையில் "திருத்தம்" என்று ஒரு கட்டம் நிரந்தரமாக ஒதுக்குங்கள். எந்த இதழில் என்ன தவறு, சரியானது என்ன என்று இரண்டே வரி.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் பத்துக்கு: முதல் பத்திக்கு 3, பெயரோடு வந்த ஆட்களுக்கு 3, எண்ணிச் சொன்ன தகவலுக்கு 2, சொல் தேர்வுக்கு 2. கையெழுத்துக்கும் படத்துக்கும் தனியாகப் போடுங்கள், இதில் கலக்க வேண்டாம்.

ஊருக்கு ஒரே நாளிதழ்தான் வருகிறது என்றால், ஊர்ப்புற நூலகத்தில் பழைய இதழ்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒப்பிட வேண்டியது ஒரே தேதிதான், இன்றைய தேதியாக இருக்க அவசியமில்லை. அதுவும் இல்லையென்றால், நாளிதழ்களின் இணையப் பதிப்பில் அதே செய்தியைத் தேடி, தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே சொற்களுக்கான வகுப்பை நடத்திவிடலாம்.