பி.ஏ. படித்து என்ன ஆகப் போகிறது? வரலாற்றுப் பேராசிரியர் பதில்கள்

(தருமபுரி மாவட்டத்தில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர், கலைப் படிப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பாலக்கோடு மாணவி: ஐயா, பி.ஏ. வரலாறு சேரப் போகிறேன் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். பிரயோஜனம் உண்டா?

சிரிக்கட்டும் அம்மா, ஃபீஸ் கட்டப் போவது அவர்களா? யு.பி.எஸ்.சி., குரூப் 1, குரூப் 2 பதவிகள் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் அப்படித்தான். தருமபுரியிலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும்.

ஆனால் படிப்பு எதற்கு என்று கேட்டால் வேறு பதில். ஒரே சண்டையைப் பற்றி நடுகல் ஒன்று சொல்லும், செப்பேடு வேறொன்று சொல்லும். யாரை நம்புவது, ஏன் என்று காரணத்தோடு இரண்டு பக்கம் எழுத வர வேண்டும். கைடு மனப்பாடம் செய்தால் அது வராது.

எச்சரிக்கை: தமிழக அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் வேண்டுமானால், 2020 சட்டத் திருத்தப்படி பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியாக இருக்க வேண்டும். சான்றிதழை அப்போதைக்கப்போதே வாங்கி வையுங்கள்.

அரூர் தந்தை: பையனுக்குப் பொருளாதாரமா, பி.காமா?

பையனைக் கேளுங்கள்.

ஓசூர் சிப்காட் மேற்பார்வையாளர்: சார், பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் மறுநாளே மெஷினில் நிற்கிறான். பழைய கல்லைப் படித்தவனை வைத்து நான் என்ன செய்ய?

ஐ.டி.ஐ.யை நான் எங்கே குறை சொன்னேன்? உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். காலத்தைக் கணக்கிட்டது ஆய்வகம். அவ்வளவு முன்னால் இரும்பை உருக்கியது யார், அந்தத் தொழில் யார் கையில் இருந்தது, எங்கே விற்றார்கள் என்று கேட்பது வரலாறு. இரண்டு பேரும் வேண்டும்.

மேற்பார்வையாளர் மறுபடி: அதெல்லாம் சரி சார், என் லைனுக்கு அது எதற்கு? எனக்கே ஒரு விபத்து அறிக்கையை ஒழுங்காக எழுத ஆள் கிடைக்கவில்லை.

இதைத்தானே நானும் சொல்கிறேன்! நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைக் கேட்டு, நடந்தது இதுதான் என்று எழுதுவது வரலாற்று மாணவனின் அன்றாட வேலை. எழுதத் தெரிந்த ஒரு பி.ஏ.வை வைத்துப் பாருங்கள். எழுதத் தெரியாத பி.ஏ.க்கள் ஏராளம், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குற்றம் எங்கள் தேர்வு முறையுடையது.

ஊத்தங்கரை மாணவர்: லிபரல் ஆர்ட்ஸ் என்று தனியாரில் லட்சக்கணக்கில் கேட்கிறார்களே, அது வேறா?

அடிப்படை ஒன்றுதான். நம் பி.ஏ.விலும் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், அல்லைடு என்கிற துணைப் பாடம் எல்லாம் உண்டு. அங்கே வகுப்பு சிறியது, பாடத்தை விருப்பப்படி கலக்கலாம், கட்டுரை நிறைய எழுத வைப்பார்கள். பெங்களூரில் சர்ஜாபூர் பக்கம் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். விசாரியுங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள்.

காரிமங்கலம்: பி.ஏ. தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

பென்னாகரம்: பி.ஏ. ஆங்கிலம் படித்தால்?

மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தம்பி.

மத்தூர்: பிளஸ் டூ எழுதாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. முடித்தேன். அரசு வேலைக்கு ஆகுமா?

தமிழக அரசு வேலைக்கு ஆகாது. பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாக இருக்க வேண்டும். இனிச் சேர்பவர்கள் பிளஸ் டூவைத் தனித்தேர்வராகவாவது எழுதிவிட்டுச் சேருங்கள். தமிழ் வழிச் சான்றிதழையும் மறக்க வேண்டாம்.