ஞானோபதேசத்தில் தொடங்குங்கள், அப்புறம் மற்றவை

கேள்வி: நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். திடப்படுத்தல் வகுப்பில் படித்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை. ஜெபக்குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், "ஒரே தேவன் என்கிறீர்கள், அப்புறம் பிதா, குமாரன், ஆவி என்று மூன்று பேரைச் சொல்கிறீர்களே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடிப்படை உபதேசம் தெரிய வேண்டும், ஆவிக்குரிய வாழ்விலும் வளர வேண்டும். தமிழ் நன்றாகப் படிப்பேன், ஆங்கிலம் சுமார். தேடினால் நீளமான பட்டியல்கள்தான் கிடைக்கின்றன. எதில் தொடங்கலாம்?

பதில்: சகோதரி, பட்டியல்களை ஒதுக்கி வையுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு வேதாகமத்தோடு இரண்டு புத்தகங்கள் போதும், இரண்டும் தமிழில் உண்டு. உபதேசத்துக்கு ஒரு ஞானோபதேச வினாவிடை. ஆவிக்குரிய வாழ்வுக்கு மோட்சப் பிரயாணம்.

ஞானோபதேசம் என்றதும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சலிப்பு நினைவுக்கு வரலாம். நான் சொல்வது மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். 1528இல் சாக்சனி பகுதிச் சபைகளைப் பார்வையிடப் போனவர், மக்களுக்கு மட்டுமல்ல, பல குருமாருக்கே அடிப்படை தெரியவில்லை என்று கண்டு நொந்துபோனார். அடுத்த வருடமே குடும்பத் தலைவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கிற அளவில் இதை எழுதினார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று போகும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு சீக்கிரமே தமிழாக்கியவற்றில் இதுவும் ஒன்று. (இன்னும் பின்னால் போனால், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும் ஒரு ஞானோபதேசம்தான். பதினாறே பக்கம்.)

ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளைக்கு லுத்தர் தரும் விளக்கம் பொய் சொல்லாதே என்பதோடு நிற்பதில்லை. பிறனைக் காட்டிக்கொடுக்காதே, அவதூறு பேசாதே என்று சொல்லிவிட்டு, அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்வதற்கு நல்ல அர்த்தமே கொடு என்று மறுபக்கத்தையும் சேர்க்கிறார். சபை வாட்ஸப் குழுவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உபதேசம் வேறு, ஆவிக்குரிய வளர்ச்சி வேறு என்று பிரிக்க முடியாது என்பது இந்த இரண்டு மூன்று வரியிலேயே தெரிந்துவிடும். அங்கே இது எட்டாம் கட்டளை என்று இருக்கும், உங்கள் சபையில் ஒன்பது என்பார்கள். லுத்தரன், கத்தோலிக்க எண்ணிக்கையில் விக்கிரகத்தைப் பற்றியது முதல் கட்டளையோடு சேர்ந்து, இச்சியாதே என்பது இரண்டாகப் பிரியும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜெபக்குழுக் கேள்விக்கு வருவோம். அதற்குப் புத்தகம் வாங்கவே வேண்டாம். உங்கள் சபையின் ஆராதனைப் புத்தகத்தில் நிசேயா விசுவாசப் பிரமாணம் இருக்கும். குமாரன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவின் ஆரியு போதித்ததற்குப் பதிலாக 325இல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்தில் உருவாகி, 381இல் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பகுதி விரிவானது அது. வரி வரியாக நிறுத்திப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: "ஒரே ஆள் வீட்டில் அப்பா, ஆபீசில் மேனேஜர், அம்மாவுக்கு மகன்" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். ஒரே நபர் மூன்று வேடம் போடுகிறார் என்றுதான் அது ஆகும். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபேலியு அப்படிப் போதித்தார், சபை அதைத் தள்ளிவிட்டது. யோர்தானில் குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் கேட்கிறது. வேடமாக இருந்தால் இது எப்படி நடக்கும்?

மோட்சப் பிரயாணம், ஒரு விசுவாசி மோட்சத்துக்குப் போகும் பயணத்தைச் சொல்லும் உருவகக் கதை, ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்தது. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு வருடம் பெட்போர்டு சிறையில் கிடந்தவர் அவர். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இதைத் தழுவிய காப்பியம்தான், ஆனால் செய்யுள் பழக்கம் இல்லாவிட்டால் உரைநடையிலேயே தொடங்குங்கள். அவசரமாகக் கதையை மட்டும் படித்தால் வியாக்கியானியின் வீடு நழுவிப்போகும். அங்கே பெருக்கவே பெருக்காத ஒரு கூடம். ஒருவன் வந்து விளக்குமாற்றைப் போட்டுப் பெருக்க, தூசி கிளம்பி மூச்சுத் திணறுகிறது. ஒரு பெண் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்க, கூடம் சுத்தமாகிறது. கூடம் மனுஷ இருதயம், பெருக்கினவன் நியாயப்பிரமாணம், தண்ணீர் தெளித்தவள் சுவிசேஷம். ரோமர் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் தடுமாறுகிறவர்களை நான் இந்தப் பக்கத்துக்குத்தான் அனுப்புவேன்.

இவற்றை முடித்தபின் மேலே போகலாம். கிறிஸ்துநாதர் அநுசாரம் நல்ல தியான நூல், ஆனால் மடத்துத் துறவிகளுக்காக எழுதப்பட்டது. உலகத்தை விட்டு விலகு என்று அது சொல்லும்போது, வேலைக்குப் போகிற நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான்காம் பாகம் திருவிருந்தைப் பற்றியது, சில புராட்டஸ்டண்ட் பதிப்புகளில் அது இருக்காது. ஆங்கிலத்துக்குத் துணிந்தால் ஆரியுவை எதிர்த்து நின்ற அத்தனாசியு என்ற பழைய பேராயர் கிறிஸ்துவின் மனுஷாவதாரத்தைப் பற்றி எழுதிய சிறு நூலை எடுங்கள். அதன் ஆங்கிலப் பதிப்பு ஒன்றுக்கு சி. எஸ். லூயிஸ் எழுதிய முன்னுரை இன்னும் நல்லது. ஒரு புதுப் புத்தகம் படித்தால் அடுத்தது பழசாக இருக்கட்டும், முடியாவிட்டால் மூன்று புதுசுக்கு ஒரு பழசாவது படி என்கிறார்.

புதுப் புத்தகங்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கடுமை உண்டு. கன்வென்ஷன் பந்தல் ஸ்டாலில் கையில் எடுத்ததும் எரேமியா 29:11 எங்கே வருகிறது என்று புரட்டிப் பார்ப்பேன். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம், இந்த வருடமே உனக்கு வீடு, வேலை, கல்யாணம் என்பதற்கு ஆதாரமாக வந்தால் புத்தகம் திரும்ப மேசைக்குப் போய்விடும். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது, முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. கடிதம் கைக்குக் கிடைத்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பவே மாட்டார்கள். அதைச் சொல்லாத ஆசிரியர் மற்ற வசனங்களையும் அப்படித்தான் வெட்டியிருப்பார். ஆசிரியருடைய தரிசனங்கள் சிலுவையைவிட அதிகப் பக்கம் பிடித்தாலும் அதே கதிதான்.

மோட்சப் பிரயாணத்தை வாங்கும்போது சிறுவர் சுருக்கமா, முழுசா என்று கேளுங்கள். 1684இல் வந்த இரண்டாம் பாகமும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. முதல் பாகத்தில் தனியாகப் போனவனின் மனைவியும் பிள்ளைகளும் அதில் கூட்டமாகப் பயணம் போகிறார்கள், ஜெபக்குழுவில் சேர்ந்து வாசிக்க அதுதான் தோது.