டொப்பன் எங்கே போனான்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 2021இல் தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். இப்போதும் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். எல்லாரும் இரண்டாம், மூன்றாம் வகுப்பு. பாதிப் பேர் கடகடவென்று வாசிக்கிறார்கள், ஆனால் கதையில் என்ன நடந்தது என்றால் முழிக்கிறார்கள். பாடத்தின் கடைசியில் கேள்வி கேட்டால், எங்கேயோ ஒரு வரியைப் பிடித்து அப்படியே ஒப்பிக்கிறார்கள். இன்னும் நிறையக் கேள்வி கேட்டுப் பழக்கவேண்டுமா? வெறும் பேச்சாகவே வகுப்பு போனால் பெற்றோரும் குறை சொல்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகளைக் குறையுங்கள் என்றுதான் சொல்வேன்.

இதை வாசியுங்கள்: ‘டொப்பன் கிமிலிக்குப் போனான். அங்கே இரண்டு சுமுரு வாங்கினான்.’ டொப்பன் எங்கே போனான்? எத்தனை சுமுரு வாங்கினான்? கிமிலி ஊரா கடையா, சுமுரு தின்பதா உடுத்துவதா, ஒன்றும் தெரியாமலே நீங்கள் முழு மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். உங்கள் பிள்ளைகள் செய்வதும் இதுதான். கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரிதான் பதில். கெட்டிக்காரப் பிள்ளைகள்!

கேள்வி கேட்பது சோதிப்பது. கற்பிப்பது வேறு. 1970களின் கடைசியில் டொலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை உட்கார்ந்து கவனித்தார். 4,469 நிமிடங்களில் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்த நேரம் வெறும் 20 நிமிடம். கேள்வி கேட்டுப் பதில் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. நம் ஊர் வகுப்பறைகளில் போய் அளந்தாலும் இப்படித்தான் வரும் என்பது என் சந்தேகம்.

முதலில் ஒன்று பாருங்கள். முழிக்கிற பிள்ளைக்கு அதே கதையை நீங்களே வாசித்துக்காட்டுங்கள். கேட்டபிறகு கதையைச் சொல்லிவிட்டால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. வாசிப்பதற்குப் படும் பாட்டிலேயே அவன் கவனம் தீர்ந்துபோகிறது. கேட்டும் புரியவில்லை என்றால் சொல்லிலோ வாக்கியத்திலோ கதையின் உலகத்திலோ தடங்கல். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

அப்புறம், எட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரியுங்கள். ஒரு குழு உங்களோடு, மற்றது படம் வரையட்டும். ஆளுக்கொரு பத்தி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். ஒருத்தி வாசிக்கும்போது மற்ற மூவரும் தங்கள் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நாலு பேரை மட்டும் எதிரில் உட்காரவைப்பதன் லாபமே, ஒவ்வொரு பிள்ளையும் யோசிப்பது நம் காதில் விழும் என்பதுதான்.

இப்படி ஒரு கதை வைத்துக்கொள்வோம்:

‘கண்ணன் எண்ணெய் வாங்கக் கிளம்பினான். தெருமுனையில் பால்காரர் வீட்டு நாய் படுத்திருந்தது. குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போனான். திரும்பி வந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டிருந்தார்.’

மூன்றாம் வரியில் நிறுத்துங்கள். கேள்வி கேட்காமல் நீங்களே வாய்விட்டு யோசியுங்கள்: “சுற்றிப் போனானாம். யாரு? நாயா? நாயா இருந்தா ‘போனது’ன்னு இருக்கும். அப்ப கண்ணன்தான். நேர் வழி இருக்கும்போது எதுக்குச் சுத்திப் போறான்?” அவ்வளவுதான், சும்மா இருங்கள். யாராவது ஒருவன் “நாய்க்குப் பயந்துட்டான் டீச்சர்” என்பான். ‘பயம்’ என்ற சொல் கதையில் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? வரியைத் தூக்கி ஒப்பிக்க வழியே கிடையாது. அம்மா ஏன் அடுப்பை அணைத்தார் என்பதற்குள் வந்தால் நாலு பேரும் சண்டையே போடுவார்கள். போடட்டும். “எங்கே போட்டிருக்கு, காட்டு” என்று மட்டும் கேளுங்கள்.

தமிழில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுகிறோம். வினைமுற்றின் வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களுக்குத் தானாக வரும், ஏழு வயதுப் பிள்ளை வாசிக்கும்போது அதைத் தவறவிடலாம். பிள்ளை வீட்டில் கேட்கும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு என்பது இன்னொரு தொல்லை. அதனால் கதையைத் திருப்பிச் சொல்லும்போது “சுத்திக்கிட்டுப் போய்ட்டான்” என்று சொன்னால் விட்டுவிடுங்கள், திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது.

சில வாரங்களில் உங்கள் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். 1984இல் பாலின்க்ஸார், பிரவுன் என்ற இருவர், சரளமாக வாசித்தும் புரியாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் செய்தார்கள். அடுத்து என்ன வரும் என ஊகிப்பது, கேள்வி உண்டாக்குவது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என்று நாலு வேலை. ஆசிரியர் இடத்தில் மாணவர்கள் மாறிமாறி உட்கார்ந்தார்கள். நல்ல பலன் இருந்தது. உங்கள் வாண்டுகளுக்கு நாலும் அதிகம். ஊகிப்பதும் “எனக்கு இது புரியல” என்று சொல்வதும் போதும். இரண்டாவதுதான் கஷ்டம், ஏனென்றால் புரியவில்லை என்று சொன்னால் திட்டு விழும் என்று பள்ளியில் பழகியிருப்பார்கள். அதற்கு நீங்கள்தான் முதலில் உங்களுக்குப் புரியாத ஒரு வரியைக் காட்டவேண்டும்.

பெற்றோர் விஷயம். நோட்டில் எதுவும் இல்லையே என்பதுதான் அவர்கள் குறையாக இருக்கும். கதைக்கு ஒரு படமும் அதன் கீழே பிள்ளை தன் சொல்லில் எழுதிய ஒரு வரியும் தினமும் வீட்டுக்குப் போகட்டும். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம்.

அன்புடன்.