பக்கத்து அறை கம்ப்யூட்டர் ஏன் கண்ணில் படவில்லை?

கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வீட்டில், ஒரே வைஃபையில். ஆனால் ஒன்றில் இருக்கும் ஃபைல் மற்றதில் திறக்க மாட்டேன் என்கிறது. சரி, பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். 'ஷேரிங் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். கம்ப்யூட்டரே தெரியவில்லையா, தெரிந்தும் பாதை கிடைக்கவில்லை என்கிறதா, பாஸ்வேர்டு கேட்டு அடம்பிடிக்கிறதா? மூன்றும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் 11, ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. எக்ஸ்ப்ளோரரில் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தால் என் லேப்டாப் மட்டும்தான் தெரிகிறது. ரவுட்டரை மாற்றும் வரை இரண்டும் தெரிந்தன. ஃபயர்வாலை நிறுத்திவிடு என்கிறான் அண்ணன். நிறுத்தலாமா?

பதில்: அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலாளி; அதை நிறுத்தினால் சில சமயம் வேலை செய்யும். அதுதான் தொல்லையே, காரணம் தெரியாமலே கதவு திறந்து கிடக்கும்.

முதலில் அந்த 'நெட்வொர்க்' பட்டியலை நம்புவதை விடுங்கள். அது வகுப்பில் பேர் கூப்பிடுவது மாதிரி. 'உள்ளேன் ஐயா' சொல்லாத பையன் வகுப்பில் இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே குரல் கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் வரும். ஃபைலைத் திறப்பதோ முற்றிலும் வேறு வழியில், 445 என்ற போர்ட் (கம்ப்யூட்டரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) வழியாக நடக்கிறது. குரல் கொடுக்காத கம்ப்யூட்டரிலிருந்தும் ஃபைலை எடுக்கலாம்.

ஹால் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுங்கள். ஐபிவி4 என்ற வரியில் 192.168.1.12 போல ஓர் எண் இருக்கும், நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி அது. லேப்டாப்பில் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.12 என்று தட்டி என்டர் கொடுங்கள். அவ்வளவுதான், பாதி நோய் இங்கேயே பிடிபட்டுவிடும்.

ஃபோல்டர்கள் திறந்துவிட்டால் உங்கள் ஷேரிங்கில் ஒரு குறையும் இல்லை, பட்டியல்தான் பழுது. ஹால் கம்ப்யூட்டரில் 'சர்வீசஸ்' போய், 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். குரல் கொடுக்கிற வேலை அதனுடையது. லேப்டாப்பில் இதைச் செய்து பயனில்லை. எது தெரியவில்லையோ அதில் செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த ஃபோல்டரை இசட் டிரைவாக மேப் செய்துவிட்டு (அதாவது லேப்டாப்பிலேயே ஒரு டிரைவ் போலத் தெரியவைத்துவிட்டு) பட்டியலை மறந்துவிடுங்கள். என் வீட்டில் அப்படித்தான். ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான எண் ஒதுக்கிவிட்டால் நாளைக்கு எண் மாறிப்போகும் கவலையும் இல்லை.

திறக்காமல், 'நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் அடுத்த சந்தேகம், உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரவுட்டரை மாற்றினீர்கள் அல்லவா? விண்டோஸுக்கு அது முன்பின் தெரியாத புது நெட்வொர்க். ரயில் நிலைய வைஃபையும் உங்கள் வீட்டு வைஃபையும் அதற்கு ஒன்றுதான். 'பப்ளிக்' என்று முத்திரை குத்திவிட்டு வெளியிலிருந்து வரும் அழைப்புகளை மறுத்துவிடும். ஹால் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். அப்புறம் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லையா? தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ், தன் சொந்த ஃபயர்வாலோடு உட்கார்ந்திருக்கலாம். ஆபீஸ் வேலைக்காக விபிஎன் (இன்டர்நெட் வழியே வேறொரு நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான சுரங்கப்பாதை) ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். துண்டித்துவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: எண்ணைக் கொடுத்தால் திறக்கிறது, ஆனால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் நான் உள்ளே நுழையும் நான்கு இலக்க எண்ணைத்தான் கொடுக்கிறேன். தவறு என்கிறது. பாஸ்வேர்டு கேட்பதையே நிறுத்த முடியாதா?

பதில்: அந்த நான்கு இலக்கம் பாஸ்வேர்டு அல்ல, பின். அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து தட்டினால்தான் செல்லும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறீர்கள் என்றால் யூசர்நேம் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு இடத்தில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. பல பேருக்கு அது மறந்தே போயிருக்கும்.

நான் சொல்லும் வழி இன்னும் சுலபம். ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு (அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் செல்லும் கணக்கு) தொடங்கி, ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டு வைக்காமல் காலியாக விட்டால் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக அனுமதிக்காது. கேட்கும்போது கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, கணக்கின் பெயர் என்று சேர்த்துக் கொடுங்கள். 'நினைவில் வை' என்பதில் டிக் அடித்தால் மறுபடி கேட்காது. ஆகவே நிறுத்த வேண்டிய தேவையே இல்லை.

நுழைந்த பிறகும் 'அக்சஸ் டினைடு' என்றால், பூட்டு இரண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில், ஷேரிங் டேபில் ஓர் அனுமதி, செக்யூரிட்டி டேபில் இன்னோர் அனுமதி. இரண்டில் எது கறாரோ அதன் பேச்சுதான் எடுபடும். ஷேரிங்கில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி பக்கம் எட்டியே பார்க்காமல் இருப்பவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு வந்த சிக்கல் என்றால் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும், அழித்துவிடுங்கள்.

கேள்வி: என் கம்ப்யூட்டரின் எண் 192.168.1.5. மாடி அறையில் இருப்பதன் எண் 192.168.0.7. இன்டர்நெட் இரண்டிலும் வருகிறது. கீழிருந்து மேலே போக முடியவில்லை.

பதில்: மாடியில் சிக்னல் போதவில்லை என்று இன்னொரு ரவுட்டர் மாட்டியிருக்கிறீர்கள், சரியா? அது தன் பின்னால் தனி நெட்வொர்க் நடத்துகிறது. எண்களின் மூன்றாம் பகுதி இங்கே 1, அங்கே 0 என்று இருப்பது அதனால்தான். மேலிருந்து கீழே வரலாம்; கீழிருந்து மேலே போனால் வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள், எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுவார்கள். இதோடு தொடர்புடைய இன்னொன்று: யாராவது 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்திருந்தால், பொதுவாக அங்கிருந்து வீட்டின் மற்ற கம்ப்யூட்டர்களை அணுக முடியாது. அது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான்.

கேள்வி: ரவுட்டரில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் பழைய நெட்வொர்க் டிஸ்க் ஒன்று இருக்கிறது. எஸ்எம்பி1 வேண்டும் என்கிறது விண்டோஸ். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எஸ்எம்பி என்பது ஃபைலைப் பகிரக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் மொழி, எஸ்எம்பி1 அதன் பழைய வடிவம். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது இந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி1 தானாக வருவதில்லை. டிஸ்க்கின் செட்டிங்ஸில் எஸ்எம்பி2 இருக்கிறதா, புது ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள்ளே ஓடும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

டிஸ்க் புதியதுதான், ஆனால் பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக நுழைந்துகொண்டிருந்தீர்கள் என்றால், விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அதற்கும் தடை போட்டுவிட்டது. டிஸ்க்கில் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் உருவாக்கிக்கொண்டால் தீர்ந்தது.

கேள்வி: எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் கேபிளில் இணைத்தும் வினாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை.

பதில்: 11 என்று எழுதினீர்களே, அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, போக்குவரத்துச் செலவு போக 11 சொச்சம். கிகாபிட் என்றால் 110 பக்கம் வரும்; 4 ஜிபி வீடியோவுக்கு ஆறு நிமிடம் காத்திருப்பதும், அரை நிமிடம் சொச்சத்தில் முடிவதும் இந்த வித்தியாசம்தான்.

கேபிளைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகள். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலோ, பிளக்கின் ஒரு முள் துருவேறினாலோ இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கதவிடுக்கில் நசுங்கிய கேபிளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஈதர்நெட் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீட் 100 என்றிருந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். மாறவில்லையென்றால் ரவுட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் போகாத வகையாக இருக்கலாம்.

கேள்வி: வெளியூரிலிருந்து வீட்டு ஃபைலைப் பார்க்க, ரவுட்டரில் 445-ஐத் திறந்துவிட்டால் போதும்தானே?

பதில்: திறக்கவே திறக்காதீர்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். திறந்த 445-ஐத் தேடிக்கொண்டு இன்டர்நெட்டில் எந்நேரமும் யாரோ அலைகிறார்கள். உங்கள் ரவுட்டரில் வயர்கார்டு அல்லது ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியூரிலிருந்து அதன் வழியாக வீட்டுக்குள் வந்து, வழக்கமான அந்த \\ எண்ணையே தட்டலாம்.