சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம்களில் பூட்டுப் படம் வருகிறது. அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்யலாமா?

வேண்டாம், அழிக்காதீர்கள். எண்பது, நூறு ஜிபி டேட்டாவும் ஒரு ராத்திரித் தூக்கமும்தான் போகும், பூட்டு அப்படியே இருக்கும். கேம் கெட்டுப்போனதால் அந்தப் பூட்டு வருவதில்லை. இந்த கன்சோலில் இந்த ஆள் இதை ஆடலாமா என்ற கேள்விக்கு பிஎஸ்5க்கு "ஆமாம்" என்ற பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் வாங்கிய அக்கவுண்ட் ஒன்று, ஆடுகிற அக்கவுண்ட் வேறொன்று என்று நினைக்கிறேன். என் அக்கா வீட்டில் நடந்தது அதுதான். அதைச் சொல்லாமல் என்னால் இதற்குப் பதில் எழுத முடியாது, ஏனென்றால் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்கா திருச்சியில், மாமா ஷார்ஜாவில் வேலை. பையனுக்கு பிஎஸ்5 வாங்கி அனுப்பியவர் மாமா. கேம் எல்லாம் அவர் அக்கவுண்ட்டில் அவர் கார்டில் வாங்கியவை. பையன் தன் பெயரில் தனி அக்கவுண்ட் வைத்து அவற்றை ஆடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் திடீரென்று எல்லாக் கேமிலும் பூட்டு. அக்கா கன்சோலைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் டிவியில்கூட மாட்டிப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சும்மா, 14 ஆயிரம் ஆகும்" என்றிருக்கிறார். நல்லவேளை, பணம் கொடுக்கும் முன் எனக்குப் போன் செய்தாள்.

வீடியோ காலில் பையனை ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். "அப்பா அக்கவுண்ட்டுக்குள்ள போய் அதே கேமைத் திறடா."

"மாமா, திறக்குது!" என்றான் என்னிடம்.

அந்த நிமிடமே விஷயம் தெரிந்துவிட்டது. நெட் இருந்தால், வாங்கியவரின் அக்கவுண்ட்டில் எந்த பிஎஸ்5இலும் கேம் திறக்கும். அதே கன்சோலில் மற்றவர்கள் ஆட வேண்டுமானாலோ, நெட் இல்லாமல் ஆட வேண்டுமானாலோ, வாங்கியவரின் அக்கவுண்ட்டுக்கு அந்த கன்சோலில் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' ஆன் ஆகியிருக்க வேண்டும். ஓர் அக்கவுண்ட்டுக்கு ஒரு பிஎஸ்5இல்தான் இது இருக்க முடியும். விசாரித்தால், மாமா அங்கே தனக்கென்று இன்னொரு பிஎஸ்5 வாங்கியிருக்கிறார். அதில் இது ஆன் ஆனதும் திருச்சியில் போய்விட்டது.

சரிசெய்ய: செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர். மாமா அங்கே அதை டிசேபிள் செய்தார். இங்கே அவர் அக்கவுண்ட்டில் நுழைந்து எனேபிள் செய்தோம். அதே இடத்தில் வாங்கிய கேம்களின் உரிமத்தை மீட்கும் 'ரெஸ்டோர் லைசென்சஸ்' இருக்கிறது, அதையும் ஒரு முறை கொடுத்தோம். பையன் தன் அக்கவுண்ட்டுக்குத் திரும்பியபோது ஒவ்வொரு கேமாகப் பூட்டு மறைந்தது. மாமாவுக்கும் நஷ்டமில்லை, நெட் இருக்கும்வரை அவர் அக்கவுண்ட்டில் அவர் அங்கே ஆடலாம். மொத்தச் செலவு ஒரு வீடியோ கால். அந்தக் கடையில் இப்படி எத்தனை பேர் பணம் கொடுத்துவிட்டு வந்தார்களோ!

உங்களுக்கு வாங்கிய அக்கவுண்ட்டிலேயே பூட்டு வருகிறதென்றால், முதலில் பிஎஸ்என், அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சர்வர் ஓடுகிறதா என்று போனில் அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு நாள் அது படுத்துவிட்டது. மேலே சொன்ன செட்டிங் ஆன் ஆகியிருந்தவர்கள் தனியாக ஆடும் கேம்களை அன்றும் ஆடினார்கள். சர்வர் சரி, ரெஸ்டோர் கொடுத்தும் போகவில்லை என்றால் சேஃப் மோடில் (கோளாறு பார்ப்பதற்கான தனி மெனு) 'ரீபில்ட் டேட்டாபேஸ்' செய்து பாருங்கள். அங்கேயே ரீசெட் என்றும் இருக்கும், அதைத் தொட்டால் சேவ் (அதுவரை ஆடியதன் பதிவு) உட்பட எல்லாம் போய்விடும், கவனம்.

பிஎஸ்4 என்றால் இதே விஷயத்துக்குப் பெயர் 'பிரைமரி பிஎஸ்4'. பழைய கன்சோலை விற்றுவிட்டு அதில் இந்த செட்டிங்கை எடுக்க மறந்திருந்தால், சோனி தளத்தில் அக்கவுண்ட்டுக்குள் போய் எல்லாக் கருவிகளையும் ஒரேயடியாக டிஆக்டிவேட் செய்யலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் விடுவார்கள்.

"டிஸ்க் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்று எழுத இப்போதே சிலர் தயாராக இருப்பீர்கள். பாதி உண்மை. டிஸ்க் கேமுக்கு வாங்கும் டிஎல்சியும் (கேமோடு சேர்க்கும் கூடுதல் பகுதிகள்) டிஜிட்டல் உரிமம்தான். வளைகுடாவில் வாங்கிய டிஸ்க்குக்கு இந்திய அக்கவுண்ட்டில் டிஎல்சி வாங்கினால் பல நேரம் சேராது. இரண்டும் ஒரே ரீஜனாக இருக்க வேண்டும், அக்கவுண்ட்டின் நாட்டையோ பிறகு மாற்ற முடியாது. இன்னொன்று: ஒரே அக்கவுண்ட்டைப் பல பேருக்குப் பங்கு போட்டு "பிரைமரி", "செகண்டரி" என்று மலிவாக விற்கும் ஆட்களிடம் வாங்கியிருந்தால் நான் சொன்ன எதுவும் நிலைக்காது. சோனியின் விதிப்படியும் அது தப்பு. விற்றவர் பாஸ்வேர்டை மாற்றினால் உங்களுக்கு மிச்சம் பூட்டுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது எத்தனையோ பேருக்கு மாதச் சந்தாக்கள் அறுந்துபோயின. விதி நம் பாதுகாப்புக்குத்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கார்டில் பணம் எடுக்க முடியவில்லை என்பதை என் வங்கி ஒரு எஸ்எம்எஸ்ஸில்கூடச் சொல்லவில்லை. கஸ்டமர் கேரில் பேசினால், "கேம்தானே சார்" என்றார் ஒருவர். என் பணம், என் கார்டு, அதில் கேம் என்ன, கரண்ட் பில் என்ன?

சந்தா இப்படிச் சத்தமில்லாமல் அறுந்திருக்கலாம். ஆகவே பூட்டு விழுந்த கேம்கள் சோனியின் பிஎஸ் பிளஸ் சந்தாவில் வந்தவை மட்டும் என்றால், சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் புதுப்பித்துவிட்டு ரெஸ்டோர் கொடுங்கள். கன்சோலில் உள்ள சேவ் எங்கேயும் போயிருக்காது, விட்ட இடத்திலிருந்து ஆடலாம்.