கேத்தலின் தடையும் வலுவும்

கேள்வி: எங்கள் மின் கேத்தல் 230 வோல்ற்றில் 8 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. அதன் தடையையும் வலுவையும் எவ்வாறு கணிப்பது? மாலையில் தண்ணீர் கொதிக்கத் தாமதமாவது ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும், 230ஐ 8ஆல் வகுக்க 28.75 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு, அதாவது 1840 வாற்று. உங்கள் இரண்டாவது கேள்விதான் மிகவும் அருமையானது. சூடாக்கும் கம்பி பெரும்பாலும் நிக்கல், குரோமியம் கலந்த உலோகத்தால் ஆனது என்பதால் அதன் தடை ஏறக்குறைய மாறாது. ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் சமைக்கும் மாலையில் வோல்ற்றளவு 207ஆகக் குறைந்தால், மின்னோட்டமும் 7.2 அம்பியராகக் குறைந்து, வலு சுமார் 1490 வாற்றாகிவிடும். பத்து வீதம் குறைந்த வோல்ற்றளவு வலுவில் பத்தொன்பது வீதத்தைப் பறித்துக்கொள்கிறது, ஏனெனில் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. பழைய இழை மின்குமிழுக்கு இந்தக் கணக்கை அப்படியே பயன்படுத்த வேண்டாம். எரியும்போது அதன் இழையின் தடை, குளிர்ந்திருக்கும்போது உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகும். மல்டிமீற்றரால் கேத்தலின் தடையை அளப்பதாயின், முதலில் பிளக்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.